வெள்ளக் கவிதைகளும் லயத்துக் கானும்

2003 மே, 2017 மே என இருமுறை இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரழிவு கண்டது. இத்தகைய துயரைப் பாடும் நம் கவிதைகள் பலவற்றில் வானமே குற்றவாளி. 'இயற்கையின் சீற்றம்' என்ற ஒரே தொடரில் வழக்கு முடிந்துவிடுகிறது.

கஹவத்தையில் வாழும் நாம் இத்தீர்ப்பை ஏற்பதற்கில்லை. மழை எல்லோர்க்கும் பொது, வடிகான் பொதுவன்று. தேயிலைச் சரிவின் மண் கரையாதிருக்கக் கான் வெட்டுபவன் தொழிலாளி. அவனுடைய லயத்து வாசலிலோ மழைநீரும் சமையற் கழிவும் ஒரே திறந்த கானில் ஓடுகின்றன. அது அடைபட்டால் மலசலக்குழியின் கழிவும் சேர்ந்து வீட்டினுள் ஏறுகிறது. ஆறு உயர்ந்தாலோ, தாழ்ந்த கடைத்தெருக்களின் கான்நீர் இறங்க வழியின்றித் திரும்புகிறது. தேயிலை வேருக்குக் கிடைத்த பாதுகாப்பு தொழிலாளியின் குழந்தைக்கு ஏன் கிடைக்கவில்லை? இவ்வினாவை எழுப்பாத கவிதை, அறியாமலே பொறுப்பாளிகளைத் தப்பவிடுகிறது.

சி. வி. வேலுப்பிள்ளை, பச்சை மலையின் எழிலுக்குப் பின்னே உழைத்து மடிந்த மனிதனைத் தம் கவிதையில் நிறுத்தினார். அந்தப் பார்வையே இன்றும் வேண்டும். கவிஞரின் கண்ணீரை நாம் இகழவில்லை. ஆனால் அழுது முடித்தபின், கானுக்குப் பணம் ஒதுக்காத கணக்கேட்டையும் அவர் புரட்டிப் பார்க்கட்டும். யதார்த்த இலக்கியத்திற்கு அதுவும் பாடுபொருளே.