கையறுநிலையும் ரசிகர் நினைவேந்தலும்: எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைவை முன்வைத்து

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைந்தபோது, ஒலிநாடாக்களில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்தோர் எழுதிய நினைவேந்தல்கள் பலவும் தத்தம் இளமைக்கான இரங்கலாகவே அமைந்தன. புறநானூற்றுக் கையறுநிலையோடு ஒப்பிடும்போது இவற்றின் குறை புலப்படும். அதியமானை இழந்த ஔவையார் தம் துயரைக் கூறினும், சிறிதளவே கிடைத்த கள்ளையும் தமக்கே ஈந்த அவன் பண்பை முன்னிறுத்துகிறார். இறந்தவன் அங்கே உருப்பெறுகிறான். ரசிகர் எழுத்திலோ எண்பதுகளின் பேருந்தும் தேநீர்க்கடையும் உருப்பெறுகின்றன. நடிகருக்கேற்பக் குரலை மாற்றிப் பாடிய அவரது நுட்பம் விடுபடுகிறது. ஆயினும் இவற்றை வெறும் ஏக்கமெனத் தள்ளுதல் பொருந்தாது. பின்னணிக் குரல் திரையில் பிறர் முகத்தோடு வாழ்வது. கேட்டோர் தாம் வாழ்ந்த இடங்களையே அதற்கு முகமாக்கினர். அவ்விடங்களோடு பாடகரின் கலையும் பதிவாகும்போதே நினைவேந்தல் இறந்தவருக்குரியதாகும்.