"நாங்களே பாத்துக்கிறோம்": என்.டி.ஐ.எஸ். சட்டத்தில் ஒரு வரி

மெல்பர்னில் இருக்கும் நண்பன் தன் ஒன்பது வயது மகனின் என்.டி.ஐ.எஸ். பிளானை அனுப்பி, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுடா, இவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தான். பையனுக்கு ஆட்டிசம். அதைப் படிக்கப்போய் சட்டத்தையே படிக்கும்படி ஆகிவிட்டது. நான் வக்கீல் இல்லை, இன்ஜினியர். ஸ்பெக் படிக்கிற பழக்கத்தில் படித்தேன், அவ்வளவுதான்.

என்.டி.ஐ.எஸ். என்பது ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம். சட்டம் 2013இல் வந்தது. 65 வயதுக்குள் சேர வேண்டும். குடியுரிமையோ நிரந்தர விசாவோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். இது பென்ஷன் மாதிரி கையில் வரும் காசு அல்ல. இன்னின்ன உதவிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பட்ஜெட். அதை நாமே நிர்வகிக்கலாம், பிளான் மேனேஜர் ஒருவரிடம் விடலாம், அல்லது ஏஜென்சியே பார்த்துக்கொள்ளும். ஏஜென்சியிடம் விட்டால் பதிவுபெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே சேவை வாங்க முடியும். நம் ஆட்களிடையே பேச்செல்லாம் இந்த மூன்றில் எது நல்லது என்பதிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு ஒதுக்கினார்கள், ஏன் அவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி என்பது என் எண்ணம்.

அதற்கான பதில் 34ஆம் பிரிவில் இருக்கிறது. ஓர் உதவி 'நியாயமானது, அவசியமானது' என்று ஏற்கப்படச் சில நிபந்தனைகள். காசுக்கேற்ற பயன் உண்டா, பலன் தருமா என்று போகும் பட்டியலில் ஒன்று, குடும்பமும் சுற்றமும் எவ்வளவு செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமோ அதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

எனக்கு உறுத்தல் இந்த வரியில்தான். 'நியாயம்' யாருடைய அளவுகோல்? பிளான் மீட்டிங்கில் நண்பனின் மனைவி சொன்னாராம்: "ராத்திரி நாங்களே பாத்துக்கிறோம். ஊர்லேர்ந்து அத்தை வந்திருக்காங்க." நம் வீட்டில் இது சாதாரணப் பேச்சு. பிள்ளையை வளர்ப்பது பாரமாக இருக்கிறது என்று அந்நியரிடம் சொல்ல நாக்கு வராது. ஆனால் அந்த மேசையில் அது வாக்குமூலம். பிளானில் 'குடும்ப ஆதரவு வலுவாக உள்ளது' என்று ஏறிவிட்டது. தெரபிக்குப் பணம் இருக்கிறது. பெற்றோர் ஓய்வெடுக்க ஆள் வைக்கும் மணிநேரம் பெயருக்கு. அத்தை வந்திருப்பது விசிட்டர் விசாவில்! காலாவதித் தேதி போட்ட ஆதரவை நிரந்தர உள்ளீடாக எழுதிக்கொண்டார்கள்.

சட்டம் இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2013இல் வந்த விதிகள் பெற்றோர் கணிசமாகப் பராமரிப்பது இயல்பு என்கின்றன. கூடவே, இந்தப் பிள்ளையின் தேவை அதே வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமா, பராமரிப்பவர்களின் நலன் கெடுமா என்றும் பார்க்கச் சொல்கின்றன. அவன் அனுப்பிய பக்கங்களில் முதல் பாதிக்கு விடை இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு ஒரு வரிகூட இல்லை. காலியாக விட்ட புலம் பூஜ்யமாகிவிட்டது. இதை எங்கள் துறையில் பக் என்போம்.

கட்டுப்பாடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2011இல் உற்பத்தித்திறன் ஆணையம் சுமார் 4.1 லட்சம் பேர் என்று கணக்கிட்ட திட்டத்தில் இன்று 6 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். 2024 திருத்தமும் இந்தக் கவலையில் வந்ததுதான். ஆனால் வாயைத் திறந்து 'முடியலை' என்று சொல்லத் தெரிந்த குடும்பத்துக்கு அதிகமும், சொல்லக் கூசுகிற குடும்பத்துக்குக் குறைவும் போனால் அது சிக்கனம் ஆகாது.

நண்பனுக்கு நான் சொன்னது: இரண்டு வாரம் நோட்டுப் போடு. எத்தனை மணிக்கு எழுந்தான், யார் விழித்திருந்தது, மறுநாள் யார் வேலைக்கு லீவு. அத்தையின் விசா நகலையும் சேர். முடிவு வந்த மூன்று மாதத்துக்குள் உள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம்.

அவன் மனைவிக்கு நோட்டுப் போடுவதில் இன்னும் சம்மதமில்லை. "பெத்த புள்ளைக்குக் கணக்கா எழுதுறது?" என்கிறார். கெடு முடிய பத்தொன்பது நாள் இருக்கிறது.