அடுக்களையிலே ஓர் ஆய்வுக்கூடம்

சமையலைப் பற்றிய நாவல் என்று கூறி நண்பர் ஒருவர் இந்நூலைத் தந்தபோது முகம் சுளித்தோம் நாம். பெண்ணையும் அடுப்பையும் பிணைத்துப் பாராட்டும் ஏடுகளுக்கு எந்த நாட்டிலே பஞ்சம்? கணவன் நாவுக்குச் சுவை கூட்டுவதே மனைவியின் மாட்சி என்று ஓதும் நூல்களில் இதுவும் ஒன்று என்றே எண்ணினோம். எண்ணியது பிழை. படித்தோம், சிரித்தோம், சிரிப்பு அடங்கியதும் வெட்கப்பட்டோம். வெட்கம் ஏன் என்பதை இறுதியிலே சொல்கிறோம்.

நூலின் பெயர் ‘லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி’. வேதியியல் பாடங்கள் என்று பொருள். எழுதியவர் பானி கார்மஸ் என்னும் அமெரிக்க அம்மையார். விளம்பர வாசகம் எழுதும் தொழிலிலே பல ஆண்டுகள் இருந்தவர். முன்பு அவர் எழுதிய நாவல் ஒன்று 98 முறை மறுக்கப்பட்டது. பிறகு ஒரு நாள், அலுவல் கூட்டமொன்றிலே அவர் சொன்ன கருத்தை ஆடவர் ஒருவர் தமதாக்கிக் கொண்டார். அந்தச் சினத்தோடு மேசைக்குத் திரும்பியவர் எழுதிய பக்கங்களே இந்நாவலின் தொடக்கம். 2022-இல் நூல் வெளிவந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். ஓய்வுக்குரிய வயது என்று உலகம் ஒதுக்கும் பருவத்திலே, புது வாழ்வு தொடங்கினார் அம்மையார்!

கதை நிகழும் களம் கலிபோர்னியா. காலம் 1950-களும் 1960-களின் தொடக்கமும். எலிசபெத் ஸாட் வேதியியல் ஆய்வாளர். அறிவு உண்டு, ஆர்வம் உண்டு. ஆனால் ஆய்வு நிலையத்திலே அவளுக்கு உரிய இடம் இல்லை. உடன் பணிபுரியும் கால்வின் எவன்ஸ் என்பவனைக் காதலிக்கிறாள். மணம் புரிய மறுக்கிறாள். மணந்தால் தன் ஆய்வுக்கும் அவன் பெயரே சூட்டப்படும் என்பது அவள் அச்சம். கால்வின் விபத்திலே மாள்கிறான். கருவுற்றிருக்கும் எலிசபெத், மணமாகாதவள் என்ற காரணம் காட்டி வேலையிலிருந்து விரட்டப்படுகிறாள். அவள் அழுது அமர்ந்தாளா? இல்லை! சம்மட்டி எடுத்துத் தன் வீட்டு அடுக்களையை இடித்து, அதையே ஆய்வுக்கூடமாக மாற்றுகிறாள்.

பிழைப்புக்கு வழி தொலைக்காட்சியிலே கிடைக்கிறது, சமையல் நிகழ்ச்சி வடிவிலே. இறுக்கமாக உடுத்து, சிரித்து நில் என்கிறார்கள். இவளோ ஆய்வாளரின் வெள்ளை அங்கியோடு வந்து நிற்கிறாள். உப்பு என்னாள், சோடியம் குளோரைடு என்பாள். காடி என்னாள், அசெட்டிக் அமிலம் என்பாள். பணம் கொடுத்த நிறுவனத்தின் சூப்பையே, அது நஞ்சுக்கு நிகர் என்று நேயர்முன் சொல்லிவிடுகிறாள். நிலையத்தார் நடுங்குகிறார்கள், வீடுகளிலோ பெண்கள் எழுதுகோலும் தாளுமாக அமர்ந்து குறிப்பெடுக்கிறார்கள்! சொற்களைக் கற்றுக் கொள்ளும் நாய் ஒன்றும் கதையிலே உண்டு. அந்த நாய்க்கு உள்ள அறிவுப்பசி ஆய்வு நிலையத்து மேலதிகாரிக்கு இல்லை என்பதே ஆசிரியை நம் கண்ணில் படவைக்கும் வேடிக்கை.

எலிசபெத்தின் தந்தை, போலி அற்புதங்கள் காட்டிப் பிழைத்த மதப் பிரசாரகர். அந்தப் புரட்டை அருகிருந்து பார்த்து வளர்ந்த மகள், கடவுள் நம்பிக்கை தனக்கில்லை என்று நேயர் அறியக் கூறுகிறாள். எதிர்ப்பு எழுகிறது, அவள் சொல்லை மாற்றவில்லை.

இது கற்பனைதானே, இவ்வளவு கொடுமை நடந்திருக்குமா என்று கேட்போர் வரலாற்றைப் புரட்டட்டும். மரியா கோப்பர்ட் மேயர் அணுக்கருவின் அமைப்பை விளக்கிய அறிஞர். கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகங்களிலே ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்தவர். 1963-இல் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, அதே கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரத்து ஏடு அவரை ‘தாய்’ என்றே தலைப்பிலே அறிமுகப்படுத்தியது, அறிஞர் என்றல்ல! கருவுற்ற காரணத்தால் பெண்ணை வேலையை விட்டு நீக்குவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவிலே வந்தது 1978-இல். நாவலின் கொடுமை கற்பனையன்று. அதைச் சிரித்துக் கொண்டே சொல்லும் துணிவுதான் ஆசிரியையின் படைப்பு.

எனினும், குறை சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. குறைகள் இரண்டு கண்டோம்.

முதற்குறை முடிவிலே. செல்வம் படைத்த சீமாட்டி ஒருத்தி வருகிறாள். அவள் கால்வினைப் பெற்ற தாய் என்று தெரிகிறது. ஆய்வு நிலையமே அவள் கைக்கு வருகிறது. எலிசபெத்துக்குத் தலைமைப் பதவி கிடைக்கிறது. முந்நூறு பக்கம் அறிவை நம்பு என்று சொன்ன நூல், முடிவிலே நற்பேற்றை நம்பச் சொல்வதா? வானத்துத் தேவன் வரவில்லை, உண்மை. ஆனால் பணப்பெட்டியோடு ஒரு தேவதை வந்துவிட்டாள்! சீமாட்டி வராத ஊரிலே ஸாட்கள் என்ன செய்வார்கள்?

இரண்டாவது குறை, காணாமற்போன அடுக்களை. அக்காலத்து அமெரிக்காவிலே பிறர் வீட்டு அடுப்பெரித்த கறுப்பினப் பெண்கள் எண்ணிறந்தோர். அவர்கள் இந்நாவலிலே இல்லையென்றே சொல்லலாம். 2023-இல் வந்த தொலைக்காட்சித் தொடர், பக்கத்து வீட்டு ஹாரியட்டைக் கறுப்பினப் பெண்ணாக்கி அக்குறையை ஓரளவு நிரப்பியது.

ஆயினும் இந்நூல் வாழும். வாழவைப்பது கதைத்தலைவி அல்ல, அவளைப் பார்த்து அமர்ந்திருந்த கூட்டம். நிகழ்ச்சியின் நடுவே திருமதி ஃபில்லிஸ் என்னும் இல்லத்தரசி எழுகிறாள். என்னவாக விரும்பினாய் என்ற கேள்விக்கு, இதய அறுவை மருத்துவராக, என்கிறாள். அரங்கம் அமைதியாகிறது. எலிசபெத் நகைக்கவில்லை; காலம் கடந்தது என்று கைவிரிக்கவில்லை; படி என்கிறாள். பின்னர் அந்த அம்மை மருத்துவக் கல்வியிலே சேருகிறாள். குடிகாரக் கணவனுக்கு அஞ்சி வாழ்ந்த ஹாரியட்டும், ஐம்பதைக் கடந்த பிறகு, தன் வாழ்வைத் தானே எடுத்துக் கொள்கிறாள். சீமாட்டியின் செல்வம் ஒருத்தியை உயர்த்திற்று. ஒரு கேள்வியோ அரங்கத்தையே எழுப்பிற்று. நாவலின் உண்மையான முடிவு அங்கேதான் இருக்கிறது.

இனி, நம் வெட்கம். மூன்று இரவு படித்தோம் இந்நூலை. மூன்று இரவும் உணவு நம் இடம் தேடி வந்தது. பெண்ணுரிமை பற்றி மேடையிலே முழங்கியிருக்கிறோம். வகுப்பிலே ஐம்பது பிள்ளைகளிடம், என்னவாக விரும்புகிறீர்கள் என்று ஆண்டுதோறும் கேட்டிருக்கிறோம். சோறிட்ட தாயிடம் ஒரு நாளும் கேட்டதில்லை! நான்காம் இரவு கேட்டோம். “இப்போது எதற்கப்பா அது?” என்று சிரித்தார். சற்று நேரம் சென்று, ஈரக்கையைத் துடைத்தவாறே, “கணக்கிலே நான்தான் வகுப்பில் முதல்” என்றார். அன்று எச்சில் தட்டை நாமே கழுவினோம். பெருஞ்செயலன்று, இருபத்தைந்து ஆண்டு தாமதமான சிறுசெயல்.

இளைஞர்காள்! நூலைப் படியுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். படித்து முடித்ததும் அடுக்களைக்குச் செல்லுங்கள். அங்கே நிற்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்; கேட்டுவிட்டு, கரண்டியை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள்.