ராபர்ட்ஸின் இரண்டாம் பந்து

செங்கற்பட்டுச் சீமைக்கும் வேகப்பந்து வீச்சுக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்று சொன்னால், அஸ்தினாபுரத்திலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலை வழியே குரோம்பேட்டை ரயிலடிக்கு நித்தம் போய் வருகிறவர்கள்கூட எளிதில் நம்ப மாட்டார்கள். ஆயினும், அந்த ஜில்லாவின் மாமண்டூரில் 1916இல் பிறந்து, சென்னைப் போலீஸில் உத்தியோகம் பார்த்த சி. ஆர். ரங்காச்சாரி, 1948 நவம்பரில் டில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் மேற்கிந்தியத் தீவினரை 27 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் என்று திணற அடித்து, அந்த இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளைக் கைப்பற்றினார் என்பது சரித்திரம். அப்புறம் அவர்கள் சாவகாசமாக நான்கு சதங்கள் அடித்து 631 எடுத்தார்கள், அதுவும் சரித்திரந்தான். துணைக்கு ஆள் இல்லாத வேகம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? நம் மண் சுழற்பந்துக்காரர்களின் மண்ணாகவே இருந்துவிட்டது. ஆகையால் வேகம் என்னும் பயங்கரத்தை ரசிக்கும் வித்தையை நாம் பெரும்பாலும் எதிரிகளிடமே கற்றுக்கொண்டோம்.

அந்த எதிரிகளுள் தலைசிறந்தவர் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் என்பது என் துணிபு. அதே தீவுகளின் முந்திய வேகக்காரர் கிரிஃபித்தின் பெயரைச் சொன்னால், அவர் பந்தில் 1962இல் பார்படோஸில் மண்டை உடைந்து உயிர் பிழைத்த நம் நாரி கண்டிராக்டரின் ஞாபகம் வந்து மனம் கசக்கிறது. அவர்களுடைய இன்னொரு வேகக்காரர் கில்கிறிஸ்டைச் சொன்னால் அவருடைய கோபந்தான் முன்னால் வந்து நிற்கிறது. ராபர்ட்ஸிடம் கோபமே கிடையாது. ஆண்டிகுவா தீவின் அர்லிங்ஸ் என்னும் சிற்றூரில் 1951இல் பிறந்து, அத்தீவிலிருந்து டெஸ்ட் ஆடிய முதல் மனிதர் என்ற பெருமையை 1974இல் பெற்ற அவர், பந்தை வீசிவிட்டு ஆட்டக்காரரை முறைத்ததும் இல்லை, விக்கெட் விழுந்தால் துள்ளிக் குதித்ததும் இல்லை. சிரிப்புக்கும் சினத்துக்கும் அந்த முகத்தில் இடமே இருக்காது. அடுத்த பந்து என்னவென்று அம்முகத்தைப் பார்த்து ஊகிக்க முயன்றவர்களுக்கு ஒன்றும் கிட்டாமல் போனதுதான் அவர் உண்டாக்கிய அச்சத்தின் முதற்பாதி.

மற்றப் பாதி அவருடைய பவுன்சரில் இருந்தது. பவுன்சர் ஒன்றல்ல, இரண்டு. முதலாவதை அவர் சற்றே தணிந்த வேகத்தில் போடுவார். எகிறி மார்புக்கு வரும் அந்தப் பந்தை ஆட்டக்காரர் அவகாசமாகப் பார்த்து, பின்காலில் சுழன்று, ஹூக் செய்து எல்லைக்கு அனுப்பிவிட்டு, 'இவ்வளவுதானா இந்த மனிதன்!' என்று உள்ளூர மகிழ்ந்து கொண்டிருக்கும் சமயத்தில், அதே ஓட்டம், அதே தோள், அதே கை வீச்சு, எதிலும் ஓர் அணுவும் மாறாமல் இரண்டாவது வரும். வேகம் மாத்திரம் வேறு. மட்டை பாதி வழியில் இருக்கும்போதே பந்து முகத்துக்கு வந்துவிடும். தலைக்கவசம் இல்லாத காலம், தொப்பிதான் காப்பு. இங்கிலாந்தின் காலின் கௌட்ரே போன்ற பழுத்த அனுபவசாலியே 1974இல் பேசிங்ஸ்டோக் மைதானத்தில் இந்த உபாயத்துக்கு இரையாகி அடிபட்டு விழுந்தார். (விழுந்தவர் அதே வருஷக் கடைசியில், நாற்பத்தொரு வயதில், வேகப்பந்துக்காரர்கள் லில்லியையும் தாம்சனையும் எதிர்கொள்ள ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார் என்பதையும் சொல்லாவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.) அந்த ஒரு பருவத்தில் ஹாம்ப்ஷயர் அணிக்காக ராபர்ட்ஸ் எடுத்த விக்கெட்டுகள் 119.

இத்தகைய மனிதர்தாம் 1975 ஜனவரியில், பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். மார்கழிக் கச்சேரிகள் முடிந்த கையோடு, கேட்டுப் பழகிய காதும் பார்த்துப் பழகிய கண்ணுமாக, தாம்பரம் மார்க்கத்து மின்சார ரயிலில் புளியோதரைப் பொட்டலத்துடன் வந்து இறங்கிய ஜனக்கூட்டத்துக்கு அவர் காட்டியது, முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். இரண்டாவதில் 57 ஓட்டங்களுக்கு 5. அப்போதைய சேப்பாக்கத்துத் தளம் இறுகியது. பந்து நன்றாக எழும். அதில் அவர் பவுன்சரை அளந்தே பிரயோகித்தார். அது வரும் என்ற எண்ணமே ஆட்டக்காரரின் காலைப் பின்னால் கட்டிப்போட்டிருக்க, ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே முழு அளவில் விழும் பந்து விளிம்பைத் தேடிப் போய்விடும். வெட்டுவேன் என்று கத்தியைக் காட்டிக்கொண்டே ஊசியால் குத்துகிற காரியம் அது.

அந்த உக்கிரத்துக்கு எதிரே ஜி. ஆர். விசுவநாத் என்னும் குட்டையான மனிதர் நின்றார். இந்தியாவின் 190 ஓட்டங்களில் பாதிக்கு மேல் அவருடையவை. எழும் பந்துக்கு அவர் ஒதுங்கவில்லை. அது தம் உடம்புக்குப் பக்கவாட்டில் வந்து சேரும்வரை பொறுத்திருந்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் திருப்பி, பாயிண்ட் திசையில் 'ஸ்கொயர் கட்' செய்தார். வேகத்தைத் தந்தவர் ராபர்ட்ஸ். அதற்கு வழி காட்டியவர் விசுவநாத். கடைசி ஆட்டக்காரரான சந்திரசேகர் வீழ்ந்தபோது அவர் 97இல் ஆட்டமிழக்காமல் நின்றார். சதத்துக்கு மூன்று குறைந்தது என்று இன்றைக்கும் அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தத் தாக்குதலுக்கு எதிரே அந்த 97 எத்தனையோ சதங்களுக்குச் சமானம்.

ஆட்டத்தில் ஜயித்தது இந்தியா, 100 ஓட்டங்களில். நம் சுழற்பந்துக்காரர் பிரசன்னா ஒன்பது விக்கெட் எடுத்தார். ஆனால் பன்னிரண்டு எடுத்தவர் தோற்ற பக்கத்தில் இருந்தார். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டுகளில், சுழலுக்குப் பேர்போன இத்தேசத்துத் தளங்களில், அவர் எடுத்தவை 32.

பிற்பாடு ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட், மார்ஷல் என்று மேற்கிந்திய வேகம் பெருகியது. அவர்கள் ராபர்ட்ஸிடம் கற்றது கை வேகத்தை அன்று, ஆட்டக்காரரின் மனத்தைப் படிக்கிற படிப்பை. சென்னைக்கும் அந்தப் படிப்பு தேவைப்பட்டது. 1987இல் டென்னிஸ் லில்லியை வரவழைத்துச் சேத்துப்பட்டில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிக்கூடம் தொடங்கியபின், ஸ்ரீநாத், ஜாகீர்கான் முதலியோர் அங்கே தேர்ந்தார்கள். அக்கூடம் வந்திராவிட்டால் நாம் இன்னும் ரங்காச்சாரியின் அந்த 27 ஓட்டத்துக்கு மூன்று விக்கெட்டையே சொல்லிக்கொண்டிருப்போம்.

1975 பொங்கல் டெஸ்டைப் பற்றி நம்மவர்கள் பேசும்போதெல்லாம் விசுவநாத்தின் 97இல் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அது அரை ரசனை. எதிரே 64 ஓட்டங்களுக்கு 7 என்று ஒருவர் வீசாதிருந்தால் அந்த 97 வெறும் 97தான்.