நெசவாளி கண்ட கனவு

ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களுள் மாணவர் உள்ளத்தை எளிதிற் கவர்வது 'நடுவேனில் இரவுக் கனவு'. காதலர் இருவர் காட்டுக்கு ஓடுகின்றனர். வனதேவதைகளின் அரசன் ஒரு மலரின் சாற்றைக் கொண்டு மாயம் விளைக்கின்றான். நெசவாளி ஒருவன் கழுதைத் தலையோடு நிற்க, தேவதைகளின் அரசி அவன்மீது காதல் கொள்கின்றாள். இத்தகைய நாடகத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கியவரும் உண்டு. 1662ஆம் ஆண்டு இலண்டனில் இதனைக் கண்ட சாமுவேல் பீப்ஸ், இது சுவையற்ற வெறுங்கூத்து எனத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

நாடகத்தைப் போற்றுவோரும் அதனைப் பயிற்றும்போது ஒரு வழக்கத்தை விடுவதில்லை. காதலர் நால்வரின் சிக்கலே கதை என்பர். தேவதைகள் அதற்கு அணி என்பர். நாடகம் போட முயலும் தொழிலாளர் அறுவரும் இடையிடையே சிரிப்பு மூட்ட வந்த கோமாளிகள் என்று சொல்லி முடிப்பர். இம் முறை தவறு என்பதே என் கருத்து. அத் தொழிலாளரை மையமாக வைத்துப் படித்தால்தான் காதலைப் பற்றியும் மாயத்தைப் பற்றியும் நாடகம் கூறுவது விளங்கும்.

கதையின் தொடக்கம்

இந் நாடகம் 1595, 1596 அளவில் எழுதப்பெற்றது; 1600இல் முதன்முதல் அச்சேறியது. இன்பியல் நாடகம் என்று பெயர் பெற்றிருப்பினும் இதன் முதற் காட்சியிலேயே மரணம் பேசப்படுகிறது. ஏதென்சு நகரத்துப் பெரியவர் ஈஜியஸ், தம் மகள் ஹெர்மியாவை அரசன் தீசியஸின் முன் நிறுத்துகிறார். தந்தை தேர்ந்த டிமெட்ரியஸை அவள் மணக்க வேண்டும். மறுத்தால் சாதல் வேண்டும், அன்றேல் கன்னியாகவே கோயிலில் அடைபட்டு வாழ்தல் வேண்டும். இதுவே அந் நாட்டுச் சட்டம். எண்ணிப் பார்க்க அமாவாசை கழிந்து புதுப்பிறை தோன்றும் வரை அவளுக்குத் தவணை தரப்படுகிறது. அதன் பின்னரே, அவள் தான் விரும்பிய லைசாண்டருடன் காட்டு வழியே தப்பிச் செல்லத் துணிகிறாள்.

இக் காட்சியில் கூர்ந்து நோக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. லைசாண்டர் பாட்டும் பரிசும் தந்து என் மகளை மயக்கிவிட்டான், மாயம் செய்துவிட்டான் என்று தந்தை குற்றம் சாட்டுகிறார். தேவதைகள் மேடைக்கு வருமுன்னரே மாயம் என்ற பேச்சு வந்துவிடுகிறது. தாம் விரும்பாத காதலை மூத்தோர் மாயம் என்று பெயரிட்டு அழைப்பதை நாடகாசிரியர் முதலிலேயே காட்டிவிடுகிறார்.

மலர்ச்சாறு செய்தது என்ன?

காட்டில் ஓபரான் என்னும் தேவதை அரசன், ஓர் இந்தியச் சிறுவனை முன்னிட்டுத் தன் மனைவி டைட்டானியாவோடு பூசலிட்டு நிற்கிறான். அவளை மயக்குவதற்காக அவன் தருவித்ததே மலர்ச்சாறு. உறங்குவார் கண்ணில் அதனைப் பிழிந்தால், விழித்தவுடன் முதலிற் காணும் உயிர்மீது அவர் காதல் கொள்வர். ஓபரானின் ஏவலனான பக் ஆளை மாற்றிச் சாற்றை இட்டுவிட, ஹெர்மியாவின் பின் சென்ற ஆடவர் இருவரும் அவளுடைய தோழி ஹெலினாவின் பின் ஓடத் தொடங்குகின்றனர்.

சாறுதான் இவர்கள் மனத்தை மாற்றியது என்று மாணவர் எழுதுவர். ஆயின், டிமெட்ரியஸ் முன்னரே ஹெலினாவைக் காதலித்து, அவளைக் கைவிட்டு ஹெர்மியாவை நாடியவன். அந்த முதல் மாற்றத்திற்கு எந்தச் சாறும் வேண்டியிருக்கவில்லை. பகலில் நகரத்தில் நடந்ததையே இரவில் காட்டில் மலர்ச்சாறு விரைவாக நடத்திக் காட்டுகிறது. மாறிய காதலும் தன்னை மாயம் என்று உணர்வதில்லை. சாறு பட்ட லைசாண்டர், தன் பகுத்தறிவு முதிர்ந்துவிட்டதென்றும் அவ்வறிவே தன்னை ஹெலினாவிடம் நடத்தி வந்ததென்றும் வாதிடுகிறான்.

அதே இரவில் அதே காட்டில் நெசவாளி பாட்டம், கழுதைத் தலையோடு நின்று, தேவதை அரசியின் காதல் மொழியைக் கேட்கிறான். அவளுக்கு அவன் கூறும் விடை எளிது: தன்னைக் காதலிக்க அவளுக்குத் தக்க காரணம் ஏதும் இல்லை, எனினும் இக்காலத்தில் அறிவும் காதலும் அவ்வளவாக நட்புக் கொள்வதில்லை என்கிறான். படித்த இளைஞன் மயக்கத்தை அறிவென்று பேச, கழுதைத் தலையன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். நாடகத்தில் வனதேவதைகளைக் கண்ணாற் கண்டு உரையாடும் பேறு பெற்ற மனிதன் இவன் ஒருவனே. அரசனுக்கோ காதலர்க்கோ அப் பேறு கிட்டவில்லை. ஏவல் செய்ய வந்த சிறு தேவதைகளைப் பெயர் கேட்டு, ஒவ்வொருவரிடமும் பணிவோடு பேசுகிறான். ஆணையிடும் வாய்ப்பு வந்தபோதும் செருக்கு வரவில்லை.

கூலியும் தூக்குக் கயிறும்

தச்சர், மேசை நாற்காலி செய்பவர், நெசவாளி, துருத்தி செப்பனிடுபவர், ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர், தையற்காரர் ஆகிய அறுவர் அரசனின் திருமணத்தில் நடிக்க விரும்பி, வேலை முடிந்தபின் காட்டில் ஒத்திகை பார்க்கின்றனர். சிங்கமாக நடிப்பவர் தமக்கு மனப்பாடம் வராது என்று அஞ்சி, தம் பகுதியை முன்கூட்டியே எழுதித் தருமாறு கேட்கிறார். அதற்குக் கர்ச்சனை ஒன்றே உண்டு, எழுத்தே இல்லை என்கின்றனர். நாம் சிரிக்கிறோம். உடனே மற்றோர் அச்சம் எழுகிறது. சிங்கம் மிக நன்றாகக் கர்ச்சித்து அரண்மனை மகளிர் நடுங்கினால், அறுவரையும் தூக்கிலிட்டுவிடுவார்களே! இதனைக் கேட்டும் நாம் சிரிக்கிறோம். ஆனால் ஹெர்மியாவின் தலைக்குமேல் தொங்கும் அதே அரச தண்டனையே இவர்கள் தலைக்குமேலும் தொங்குகிறது. மணமண்டபத்தின் ஒளிக்குப் பின்னால் இந் நிழல் உண்டு என்பதை மாணவர் காண வேண்டும்.

பாட்டம் காணாமற் போனபோது, அவன் நடித்திருந்தால் வாழ்நாள் முழுவதும் நாள் ஒன்றுக்கு ஆறு பென்னி அரச மானியம் கிடைத்திருக்குமே என்று துருத்தி செப்பனிடுபவர் வருந்துகிறார். தோழனை இழந்த துயரத்தையும் கூலிக் கணக்கில் சொல்வது ஏழை மக்களின் இயல்பு. பகலெல்லாம் பால்மரம் வெட்டிய கை, இரவில் வேடங்கட்டி ஆடுவதைத் தோட்டத்தில் கண்டு வளர்ந்த ஓர் ஆசிரியனுக்கு இவ்விடம் வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

ஷேக்ஸ்பியர் கைத்தொழிலாளரை எள்ளவே இப் பகுதியை எழுதினார் என்பாரும் உளர். அவர்தம் தந்தை ஸ்ட்ராட்போர்டில் கையுறை செய்து விற்றவர். 1576இல் இலண்டனில் 'தியேட்டர்' என்னும் பெயரிலேயே நாடகக் கொட்டகை எழுப்பிய ஜேம்ஸ் பர்பேஜ், பிறப்பில் நடிகரல்லர், மரவேலைத் தொழிலாளி. அவர் மகன் ரிச்சர்டு பர்பேஜ், ஷேக்ஸ்பியர் குழுவின் தலைமை நடிகர். 1572ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெருமக்கள் ஆதரவில்லாத நடிகர் நாடோடிகளாகக் கருதப்பட்டுத் தண்டனைக்கு உரியர் ஆயினர். அரசவையில் அஞ்சி நடிக்கும் தொழிலாளியின் நிலை, ஆசிரியர் தம் தொழிலில் அறிந்த நிலையே.

சிரிப்பவர் அறியாதது

ஐந்தாம் அங்கத்தில் அவர்கள் நடிப்பது பிரமஸ், திஸ்பி என்னும் காதலர் கதை. உரோமப் புலவர் ஓவிட் பாடிய இக் கதையை ஆர்தர் கோல்டிங் 1567இல் ஆங்கிலத்தில் தந்திருந்தார். பெற்றோர் தடுத்த காதல்; ஊருக்கு வெளியே இரவில் சந்திக்கத் திட்டம்; பிழையான ஓர் எண்ணத்தால் இருவர் மரணம். ஹெர்மியாவும் லைசாண்டரும் முதல் நாள் இரவு சென்ற வழி இதுவே அன்றோ? ஒரு நூலிழையில் அவர்கள் தப்பித்தனர். தம் கதையே மேடையில் நடக்கிறது. இளைஞர் இருவரும் அதனை உணராமல் கேலி பேசுகின்றனர். ஹெர்மியாவும் ஹெலினாவும் அவ்வங்கம் முழுவதும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர்கள் தம் கதையை உணர்ந்து வாளாவிருந்தனரோ என்று எண்ணிப் பார்க்க ஆசிரியர் இடம் வைத்துள்ளார்.

நகைக்கு நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகத் தொல்காப்பியம் வகுக்கும். காட்டில் காதலரைக் கண்டு நாம் நகுவது இளமை பற்றி. தொழிலாளரைக் கண்டு நகுவது பேதைமை பற்றி. அவையில் இருந்த இளைஞர் நகைப்பதோ எள்ளல். முன்னைய நகையில் அன்பு கலந்திருக்கிறது. எள்ளலில் அன்பு இல்லை. நாடகம் நம்மை முன்னைய நகையில் பழக்கி, இறுதியில் எள்ளுவாரை நமக்கு எதிரே அமர்த்தி வைக்கிறது. நாம் எவர் பக்கம் அமர்கிறோம் என்பதே வினா.

நிலவாக வரும் தையற்காரர் நிலையைப் பாருங்கள். பாட்டாகப் பேசத் தொடங்கியவரை அவையோர் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுக் கேலி செய்கின்றனர். இறுதியில் அவர் பாட்டை விட்டுவிட்டு, இந்த விளக்கு நிலவு, நான் நிலவில் உள்ள மனிதன், இது என் முட்செடி, இது என் நாய் என்று உரைநடையில் சொல்லி முடிக்கிறார். ஒருவன் முயன்று கற்ற பாட்டு அவன் வாயிலேயே உலர்ந்துபோகும் காட்சி இது.

அரசன் தீசியஸ் இவ்விடத்தில் மற்றையோரினும் உயர்ந்து நிற்கிறான். எளிமையும் கடமையுணர்வும் கொணரும் எதிலும் குறை காணலாகாது என்று சொல்லி இந் நாடகத்தை ஏற்றவன் அவனே. தன்னை வரவேற்க வந்த கற்றறிந்த பெரியோரும் அச்சத்தால் நாத் தழுதழுத்து நின்றதுண்டு என்றும், அம் மௌனத்தில் தான் வரவேற்பைப் படித்துக்கொண்டதாகவும் கூறுகிறான். ஆயினும் நடிப்புத் தொடங்கியபின் அவனும் கேலியில் கலந்துகொள்கிறான். அவன் மணமகள் ஹிப்பாலிட்டா முதலில் இக் கூத்தை வெறுத்தவள். முடிவில் மேடையில் அழும் பாட்டத்திற்காகத் தன் நெஞ்சம் இரங்குகிறது என்கிறாள். காதலர் கூறிய இரவுக் கதையை அரசன் நம்ப மறுத்தபோதும், நால்வர் மனமும் ஒருங்கே மாறியதால் அதில் ஏதோ உறுதியுள்ளது என்று எடுத்துக்காட்டியவளும் அவளே. பிறர் கனவை மதிக்கத் தெரிந்தவளே பிறர் நடிப்புக்கும் இரங்குகிறாள்.

வகுப்பில் செய்யத்தக்கன

இந் நாடகத்தைப் பயிற்றும் ஆசிரியர்க்கு மூன்று குறிப்புகள் கூறுவேன். முதலாவது, கதைச் சுருக்கத்தில் நாட்களைக் கழிக்காமல் ஐந்தாம் அங்கத்தை வகுப்பில் நடிக்கச் செய்க. இரண்டாவது, தச்சர் குவின்ஸ் நிறுத்தற்குறிகளைப் பிழையாக ஒலித்து, வாழ்த்தை வசையாக்கிவிடும் முகவுரையை மாணவரைக் கொண்டு இருமுறை படிப்பிக்க: ஒருமுறை அவர் படித்தவாறு, மறுமுறை அவர் கருதியவாறு. வாசிப்புப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பாடம் அரிது. அஞ்சியவன் நாவில் பொருள் எவ்வாறு தலைகீழாகும் என்பதும் அப்போது விளங்கும். மூன்றாவது, டிமெட்ரியஸின் கண்ணில் இட்ட சாறு மட்டும் இறுதிவரை நீக்கப்படவில்லை என்பதை நினைவூட்டி, அவன் காதல் மெய்யா என்று கேட்க. ஒரே விடை வராது, வரவும் வேண்டா.

விடியலில் விழித்த பாட்டம், தான் கண்டதைச் சொல்ல முயன்று சொல் வராமல் நிற்கிறான். அதனைப் பாட்டாக எழுதித் தருமாறு குவின்ஸைக் கேட்பேன் என்கிறான். தோழர்களைக் கண்டதும், கதை சொல்ல நேரமில்லை, வேடத்தை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள் என்று விரைவுபடுத்துகிறான். அரண்மனையில் திஸ்பியின் பேச்சுக்கு உரிய இடத்தை அரசனே தவறாகக் கொண்டபோது, அப்படியன்று ஐயா என்று அஞ்சாது திருத்துகிறான். தேவதை அரசியின் மடியில் தலை வைத்துக் கிடந்தவன் மறுநாள் தன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அவன் கனவைக் கேட்க அந்த அவையில் ஒருவரும் முன்வரவில்லை. வகுப்பறையிலேனும் அதனைக் கேட்போமாக.