கோவூர் கிழார் யாருக்காக இரங்கினார்?

ஒரு பட்டிமன்ற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அரசனையே இடித்துரைத்த அஞ்சாநெஞ்சன் என்று கோவூர் கிழாரைத் தூக்கி நிறுத்தினார் பேச்சாளர். நல்ல கைதட்டல். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்ததும் இதேதான். எனக்கு ஒரு சந்தேகம் வந்து புறநானூற்றை எடுத்து 46ஆம் பாட்டைத் திரும்பப் படித்தேன். இடித்துரைப்பு அதில் எங்கே இருக்கிறது என்று தேடினால், ஒரு இடத்திலும் இல்லை!

சம்பவம் தெரிந்ததுதான். தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான் கிள்ளிவளவன். கோவூர் கிழார் பாடித் தடுக்கிறார். இந்தக் கதை பாட்டுக்குள் இல்லை, கீழே உள்ள பழைய குறிப்பில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பதும் அந்தக் குறிப்பு சொல்லித்தான் நமக்குத் தெரியும். பாட்டு மொத்தம் எட்டு அடி. முதலில், நீ யார் என்று அரசனுக்குச் சொல்கிறார்: ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன். அடுத்து, இவர்கள் யார்: புலவர்களின் வறுமைக்கு அஞ்சி, இருப்பதைப் பகுத்துக் கொடுத்து உண்பவர்களின் வழியில் வந்தவர்கள். பிறகு பிள்ளைகளைக் காட்டுகிறார். கடைசியில், கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம்போல் செய். அவ்வளவுதான். கொடுங்கோலன் என்றோ பாவம் சூழும் என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

சபை நடுவில் ஒருத்தனைத் திட்டினால் அவன் இன்னும் முறுக்கிக்கொள்வான். இவரோ அரசன் மானம் போகாமல் பின்வாங்க ஒரு வழி திறந்து வைக்கிறார். இப்போது அவன் பிள்ளைகளை விட்டால் புலவனுக்குப் பணிந்தவன் ஆகமாட்டான், முன்னோன் வழி நடந்தவன் ஆவான். இதைத் தந்திரம் என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் பாட்டின் உயிர் அதில் இல்லை. பிள்ளைகளைக் காட்டும் அந்த மூன்று அடிகளில் இருக்கிறது. அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டன. எதற்காக யானை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவைகளுக்குத் தெரியாது, அதனால் வேடிக்கை பார்க்கின்றன! யானையைவிட, பழக்கமில்லாத மன்றத்தையும் அங்குள்ள ஆட்களையும் பார்த்துத்தான் மிரள்கின்றன. கோவூர் கிழார் இதை விளக்கவில்லை, பரிதாபப்படு என்று கெஞ்சவில்லை. கூடியிருந்த எல்லோருக்கும் கண்ணெதிரே இருந்ததை, பார்க்க மறுத்தவனுக்குச் சொல்கிறார். இந்த இடத்துக்கு வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றுகிறது.

சரி, இனி என் வழக்கு. இந்த இரக்கத்துக்கு எல்லை எது?

பிள்ளைகளைக் காக்க அவர் முதலில் சொல்லும் நியாயம், இவர்கள் புலவர்களை ஆதரித்த குடி என்பது. அப்போ ஒருத்தருக்கும் ஒன்றும் கொடுக்காத வீட்டுப் பிள்ளை என்றால்? 45ஆம் பாட்டில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதும்போதும் இதே மாதிரிதான். எதிரில் நிற்பவன் சூடியது சேரனின் பனம்பூவும் இல்லை, பாண்டியனின் வேம்பும் இல்லை, உன் ஆத்திதான். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். அருமையான வாதம். ஆனால் எதிரில் நிற்பவன் வேம்பு சூடியிருந்தால் இந்த வாதம் ஓடாது. ஓடவும் இல்லை. 33ஆம் பாட்டில், பாண்டிய நாட்டுக்குள் புகுந்து ஏழெயில் கோட்டையின் கதவை உடைத்ததற்காக இதே நலங்கிள்ளியைப் புகழ்கிறவரும் இதே கோவூர் கிழார்தான். அமைதி சொந்தத்துக்குள் மட்டும். (இன்றைக்கும் ஒரு குண்டு விழுந்தால் டிவியில் முதலில் கேட்கப்படுவது செத்தது எந்தப் பக்கத்துப் பிள்ளை என்பதைத்தானே!)

இந்த வழக்கு முடிந்தது என்று நினைத்தபோது 41ஆம் பாட்டு குறுக்கே வந்தது. அதே புலவர், அதே கிள்ளிவளவன். காலன்கூட நேரம் பார்ப்பான், நீ பார்ப்பதில்லை என்று தொடங்கும் புகழ்ப்பாட்டு. பகைவர் நாட்டில் கெட்ட சகுனங்கள். பல் விழுவதாகவும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதாகவும் கனவு காண்கிறார்கள். நாடே கலங்கிக் கிடக்கிறது. அந்தக் கலக்கத்தின் நடுவே, தன் பிள்ளைகளின் கண்ணில் முத்தமிட்டு, மனைவிக்குத் தெரியாமல் துயரத்தை மறைக்கிற ஆண்கள் வருகிறார்கள்.

படை வலிமையைப் புகழ இந்த அப்பன்கள் தேவையே இல்லை. விழும் கொள்ளியும் கெட்ட கனவும் போதும். இவர்கள் எந்தக் குடி, புலவர்களுக்குக் கொடுத்தார்களா என்று ஒரு குறிப்பும் கிடையாது. வெறும் பகைவர். ஆனாலும் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார் மனுஷன். அரசனைப் புகழப் பாடிய பாட்டிலேயே அதை அரசன் காதில் போட்டும் இருக்கிறார். எனவே எல்லை கட்டியவர் என்ற என் குற்றச்சாட்டைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாதிடும்போது அவர் குடியை நம்புகிறார், பார்க்கும்போது குடி மறந்துபோகிறது.

மீதிப் பாதியை விடமாட்டேன். 41இல் கண்ணில் முத்தம் வாங்கிய பிள்ளைகளுக்காக அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை, படை போகட்டும் என்று விட்டுவிட்டார். குடிவாதம் நின்றதா என்றால், நெடுங்கிள்ளியைப் பழைய குறிப்பு 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழியோடுதான் சொல்கிறது. 46இன் பிள்ளைகளுக்கோ பாட்டிலும் பெயர் இல்லை, குறிப்பிலும் பெயர் இல்லை. தலையில் முடி இன்னும் சரியாக அடரவில்லை என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.