கண்ணாடிக்குள் ஒரு பட்டணம்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. தான் நூலை இழுத்தால்தான் பொம்மை ஆடும் என்ற கர்வம். கதாநாயகி அழ வேண்டுமென்றால் அழ வைப்பான். கதாநாயகன் ரெயிலைத் தவறவிட வேண்டுமென்றால் தவறவிடச் செய்வான். வாசகர் அதிகபட்சம் செய்யக்கூடியது புத்தகத்தை மூடிவைப்பதுதான். எனக்கும் அந்தக் கர்வம் நிறையவே உண்டு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, என் தங்கை வீட்டு மாடி அறையில், அது சற்று ஆட்டங்கண்டுவிட்டது.

தங்கையின் மகனும் அவன் சிநேகிதர்கள் நாலு பேரும் வாரந்தோறும் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உண்டாக்கி, 1974-ல் வெளியிட்டது. பொம்மைப் படைகளை மேஜைமேல் அணிவகுத்துப் போர் நடத்தும் பொழுதுபோக்கிலிருந்து பிறந்த ஆட்டம் இது. ஆனால் இங்கே படை கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதை நடத்துகிறவர். "நீங்கள் ஒரு பாழ் மண்டபத்தின் வாசலில் நிற்கிறீர்கள்" என்று அவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள், தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். செய்த காரியம் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடைக்காய் தீர்மானிக்கும்.

"மாமா, நீங்கள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிறகு திட்டுங்கள்" என்றான் மருமான். திட்டுவது என்று முடிவு செய்துகொண்டே உட்கார்ந்தேன்.

அன்றைய கதை நெவர்விண்டர் என்ற பட்டணத்தில் நடந்தது. எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் சிறுவயதிலேயே கற்பனை செய்யத் தொடங்கிய ஓர் உலகம், 1987-ல் இந்த விளையாட்டின் களமாகப் பிரசுரமாயிற்று. அந்த உலகத்தின் ஊர்களில் ஒன்று நெவர்விண்டர். அதன் வழியே ஓடும் ஆற்று நீர், மலைக்குள் இருக்கும் நெருப்பின் வெதுவெதுப்பால் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அதே மலை ஒருநாள் வெடித்து ஊரைப் பாழாக்கிவிடுகிறது. பாதி இடிந்து, பாதி எழும்பிக்கொண்டிருக்கும் அந்த ஊரைப் பற்றி 2011-ல் ஒரு தனிப் புத்தகமே வந்திருக்கிறது. என்னைக் கவர்ந்த விஷயமும் அதில்தான் இருக்கிறது: நெவர்விண்டருக்கு ஒரு பிரதிபிம்பம் உண்டு, அதன் பெயர் எவர்நைட். அதே தெருக்கள், அதே பாலங்கள். ஆனால் அங்கே பொழுது விடிவதில்லை. குடியிருப்பவர்கள் செத்தும் அடங்காதவர்கள்.

இந்தக் கற்பனை புதிதல்ல. ஆல்ஃபிரட் கூபின் என்ற ஆஸ்திரிய ஓவியர் 1909-ல் 'மறுபக்கம்' என்று ஒரு நாவல் எழுதினார். பெரும் பணக்காரர் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு போய், மத்திய ஆசியாவில் ஒரு கனவுப் பட்டணம் அமைக்கிறார். அதில் குடியேறியவர்கள் கண்ணெதிரே ஊர் உளுத்து அழிகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2009-ல், சைனா மியேவில் என்ற ஆங்கிலேய நாவலாசிரியர் ஒரே நிலத்தில் இரண்டு பட்டணங்களை வைத்து எழுதினார். ஓர் ஊர்க்காரன் எதிரே வரும் மற்ற ஊர்க்காரனைக் காணாதிருக்கக் குழந்தைப் பருவத்திலிருந்தே பழகியிருக்கிறான். கண்டுவிட்டால் அது குற்றம். அந்த நாவலில் பேய் இல்லை, பிசாசு இல்லை. இருந்தாலும் படிக்கும்போது முதுகு சில்லிடுகிறது. ஏனென்றால், பார்த்தும் பாராமல் நடக்கிற அந்த வித்தை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நிழல் ஊர் என்று ஒன்றைப் படைத்தால், அது அசல் ஊரைப் பற்றி நமக்கு ஏதாவது சொல்ல வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது நம் முகத்தைத்தானே? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எவர்நைட் பல இடங்களில் தோற்றுப்போகிறது. பிணம் தின்னும் கூட்டமும் அதன் ஆரவாரமும் திருவிழாக் கொட்டகையில் காட்டும் பயங்கரம் மாதிரி இருக்கின்றன. போதாததற்கு, எதிரியைக் கொன்றால் புள்ளி கிடைக்கும் என்பது இந்த விளையாட்டின் பழைய ஏற்பாடு. புள்ளிக் கணக்கு வந்ததுமே பயம் எழுந்து போய்விடுகிறது. அன்றும் இரண்டு மணி நேரம் வெட்டு, குத்து, பகடை உருட்டல்தான். எனக்குக் கண்ணைச் சுழற்றியது.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். கூட்டத்தில் அவள் ஒருத்தியே பெண். வில்லேந்திய வேட்டைக்காரி வேஷம். அந்த வேட்டைக்காரி நெவர்விண்டரிலேயே பிறந்து வளர்ந்தவள், மலை வெடித்தபோது தாயைப் பறிகொடுத்தவள் என்று முதல் நாளிலேயே அவள் எழுதி வைத்திருந்தாளாம்.

"இங்கே எங்கள் வீடு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

மருமான் புத்தகத்தைப் புரட்டினான். அச்சிட்ட புத்தகத்தில் அவள் வீடு எப்படி இருக்கும்? மூடி வைத்துவிட்டு, "இருக்கிறது. மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது" என்றான்.

"உள்ளே யார்?"

"போய்ப் பார்த்தால் தெரியும்."

ஒரு பையன் உற்சாகமாகப் பகடையைக் கையில் எடுத்தான். "வா, போகலாம். எது வந்தாலும் அடித்துவிடலாம்" என்றான்.

அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வேண்டாம். நான் உள்ளே போகவில்லை. வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன். நீங்கள் முன்னால் போங்கள்" என்றாள்.

யாரும் பகடையை உருட்டவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் எவர்நைட் நிஜமான ஊராகிவிட்டது. அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கையைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. விமர்சகன் விசாரிக்க வேண்டிய விஷயமும் அல்ல அது.

நான் எழுதியிருந்தால் அவளை உள்ளே அனுப்பியிருப்பேன். மாடிப்படி ஏறவைத்து, கதவைத் திறக்கவைத்து, தாயின் முகத்தைக் காட்டி, ஓர் அத்தியாயம் முழுக்க வாசகரைக் கரையவைத்திருப்பேன். இது வெறும் ஊகம் அல்ல. இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு நாவலில், தகப்பனார் இறந்து வெகுநாள் கழித்து ஊர் திரும்பும் மகனைப் பூட்டிய வீட்டுக்குள் அனுப்பி, அழ வைத்தேன். பலர் பாராட்டினார்கள். ஒரே ஒரு வாசகர் மட்டும், 'அவன் வாசலோடு திரும்பியிருக்கக் கூடாதா?' என்று எழுதிக் கேட்டார். கதையின் இலக்கணம் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு பதில் போடாமல் இருந்துவிட்டேன்.

இந்த விளையாட்டு இலக்கியமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். அன்று பேசிய பேச்செல்லாம் பொழுது விடிந்ததும் போய்விட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலும் முக்கால்வாசி குப்பை. ஆனால் ஒரு பாத்திரம் தன்னைப் படைத்தவனைத் திரும்பிப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல இங்கே இடம் இருக்கிறது. என் நாவல்களில் நான் அந்த இடத்தை வைக்கவில்லை. வைக்க முடியாது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன்; மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வாசகரின் விலாசம் இப்போது என்னிடம் இல்லை. இருந்தால் ஒரு கார்டாவது எழுதிப் போட்டிருப்பேன்.